கம்பிக்கு அந்தப் பக்கம்: ஆந்த்ரே வாய்தாவின் மூன்று போர்ப் படங்கள், ஒரு டிவிடித் தொகுப்பு

போலந்து இயக்குநர் ஆந்த்ரே வாய்தாவின் முதல் மூன்று படங்களான 'ஒரு தலைமுறை' (1955), 'கனால்' (1957), 'சாம்பலும் வைரமும்' (1958) ஆகியவற்றை கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் ஒரே அட்டைப் பெட்டியில் மூன்று வட்டுகளாக வெளியிட்டது. மூன்றும் கறுப்பு வெள்ளைப் படங்கள். மூன்றும் இரண்டாம் உலகப் போரின்போது போலந்து இளைஞர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பேசுபவை. மூன்றும் தணிக்கை கடுமையாக இருந்த ஒரு கம்யூனிச நாட்டில் அரசின் பணத்தில் எடுக்கப்பட்டவை. இவற்றில் மூன்றாவது காரணமே, என் பார்வையில், இந்தத் தொகுப்பை வாங்கி வைத்துக்கொள்ளத் தகுந்ததாக்குகிறது. வாய் திறந்து சொல்ல முடியாத ஒன்றை ஒரு கலைஞன் எப்படிக் கண்ணுக்குக் காட்டிவிட முடியும் என்பதை இந்த மூன்று வட்டுகளை வரிசையாகப் பார்ப்பவர் படிப்படியாக உணர்வார்.

இயக்குநரின் பெயரைத் தமிழில் எழுதும்போது எனக்குச் சிறு தயக்கம் வருவதுண்டு. போலிஷ் உச்சரிப்புக்கு நெருங்கிய வடிவம் 'வாய்தா' என்பதுதான். நம் நீதிமன்றங்களில் வழக்கைத் தள்ளிவைப்பதற்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். வெறும் தற்செயல்தான் அது. ஆனால் தன் தந்தையைக் கொன்றவர் யார் என்பதைத் தன் நாட்டில் வெளிப்படையாகச் சொல்வதற்கு ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்த மனிதரின் பெயர் இப்படி அமைந்ததைக் கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பெட்டியை நான் வாங்கியது பழைய டிவிடிகளை இணையம் வழியாக விற்கும் ஒருவரிடம். 'புதியது போன்றது' என்று விவரத்தில் எழுதியிருந்தார். பிரித்துப் பார்த்தபோது இரண்டாவது வட்டின் பிளாஸ்டிக் உறை நடுவில் விரிசல் விட்டிருந்தது, வட்டு தன் இடத்தில் நிற்காமல் உள்ளே உருண்டுகொண்டிருந்தது. நல்லவேளையாக வட்டில் கீறல் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் பிறகுதான் தெரிந்தது. இந்தத் தொகுப்பு வட அமெரிக்காவுக்கான முதல் மண்டலக் குறியீட்டோடு வந்தது. இந்தியாவில் விற்கப்படும் டிவிடி பிளேயர்கள் ஐந்தாம் மண்டலத்தைச் சேர்ந்தவை. வீட்டிலிருந்த பிளேயர் வட்டை விழுங்கிச் சிறிது நேரம் முனகிவிட்டு வெளியே துப்பிவிட்டது. கடைசியில் எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் பழைய பிளேயர் ஒன்றை நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. வாங்க நினைப்பவர்கள் பணம் செலுத்துவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. துணைத்தலைப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன.

படங்களுக்குள் போவதற்கு முன் அவற்றை எடுத்தவரின் பின்னணியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும். வாய்தா 1926 மார்ச்சில் போலந்தின் வடகிழக்கிலுள்ள சுவாவ்கி நகரில் பிறந்தார். தாய் ஆசிரியை, தந்தை யாகுப் வாய்தா ராணுவ அதிகாரி. 1939 செப்டம்பர் முதல் தேதி ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. பதினேழாம் தேதி சோவியத் ஒன்றியம் கிழக்கிலிருந்து நுழைந்தது. சோவியத் படையிடம் சிறைப்பட்ட தந்தை 1940-இன் வசந்த காலத்தில் சோவியத் ரகசியப் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சில வாரங்களில் அதேபோல் கொல்லப்பட்ட போலந்து அதிகாரிகள், போலீஸ்காரர்கள், பிறர் ஆகியோரின் எண்ணிக்கை ஏறக்குறைய 22,000. புதைகுழிகள் பல இடங்களில் இருந்தாலும், முதலில் கண்டுபிடிக்கப்பட்ட காட்டின் பெயரால் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தீன் படுகொலை என்கிறார்கள். 1943-இல் ஜெர்மானியர்கள் அந்தக் குழிகளைத் தோண்டி உலகுக்கு அறிவித்தபோது, செய்தது ஜெர்மானியர்களே என்று மாஸ்கோ பதில் சொன்னது. போருக்குப் பிறகு போலந்தை ஆண்ட அரசுக்கும் அதுவே அதிகாரபூர்வமான உண்மையாக இருந்தது. மாஸ்கோ பொறுப்பை ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரலில்.

தந்தை இல்லாத வீட்டில் பதினாறு வயதில் வாய்தா, லண்டனிலிருந்த நாடுகடந்த போலந்து அரசுக்கு விசுவாசமான 'உள்நாட்டுப் படை' என்ற தலைமறைவு அமைப்பில் சேர்ந்தார். போர் முடிந்ததும் கிராக்கூவ் நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்று, அதைப் பாதியில் விட்டுவிட்டு வூச் நகரத் திரைப்படப் பள்ளிக்குப் போனார். ஓவியனின் கண் அவரிடமிருந்து கடைசிவரை போகவில்லை. அவருடைய படங்களில் வசனம் மறந்துபோகும், நின்ற இடமும் விழுந்த நிழலும் நினைவில் தங்கிவிடும்.

முதல் வட்டிலுள்ள 'ஒரு தலைமுறை' மூன்றில் எளியது, ஓரளவு பலவீனமானதும்கூட. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழுள்ள வார்சாவின் குடிசைப் பகுதியில் வளரும் ஸ்தாக் என்ற இளைஞன் தச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்கிறான். அங்குள்ள மூத்த தொழிலாளி ஒருவர் அவனுக்கு உபரி மதிப்பைப் பற்றி, அதாவது உழைப்பின் பலனில் முதலாளி எடுத்துக்கொள்ளும் பங்கைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். தோரோத்தா என்ற பெண்ணின் பின்னால் போய்க் கம்யூனிச இளைஞர் குழுவில் சேர்கிறான். கதைச் சட்டகம் அரசு விரும்பிய சட்டகம்தான். நல்லவர்கள் எந்தக் கட்சி, சந்தேகத்துக்குரியவர்கள் எந்த அமைப்பு என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. உள்நாட்டுப் படையில் இருந்த ஒருவர் இப்படி எடுக்க நேர்ந்ததைப் பார்க்கும்போது சங்கடமாகவே இருக்கிறது. இளவயது ரோமன் போலன்ஸ்கி அந்தக் குழுவில் ஒருவராக நடித்திருக்கிறார் என்பது பலரைப் படத்துக்கு இழுக்கும். அவருக்குப் பெரிதாக வேலையில்லை.

ஆனால் இந்தப் படத்துக்குள் வேறொரு படம் ஒளிந்திருக்கிறது, அதன் பெயர் யாசியோ க்ரோனே. ததேயுஷ் யான்ச்சார் நடித்த இந்தப் பாத்திரம் கொள்கைவாதியல்ல. பயப்படுகிறவன், தயங்குகிறவன், உதவி கேட்டு வந்த யூத நண்பனைத் திருப்பியனுப்பிவிட்டு அந்தக் குற்றவுணர்வால் தின்னப்படுகிறவன். 1943-இல் வார்சாவின் யூதக் குடியிருப்பில் கிளர்ச்சி வெடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் புகை எழும்போது, சுவருக்கு இந்தப் பக்கம் குடைராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து தப்பி வருபவர்களுக்குக் கைகொடுக்கப் போகும் யாசியோவை ஜெர்மானியர்கள் துரத்துகிறார்கள். அவன் ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டில் மேலே மேலே ஓடுகிறான். உச்சிக்குப் போனதும் இரும்புக் கம்பித் தடுப்பு, அது பூட்டியிருக்கிறது. கீழே காலடியோசை ஏறி வருகிறது. வெளிர்நிற மழைக்கோட்டோடு கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று கீழே ஒருமுறை பார்க்கிறான், பிறகு படிக்கட்டின் நடுவிலுள்ள வெற்றிடத்தில் குதித்துவிடுகிறான். படத்தின் நாயகன் ஸ்தாக்தான் என்று கதை சொல்கிறது, ஆனால் கேமரா தன் நாயகனை வேறிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கம்பித் தடுப்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வட்டில் அது மறுபடியும் வரும்.

'கனால்' என்றால் போலிஷ் மொழியில் பாதாளச் சாக்கடை. 1944 ஆகஸ்ட் முதல் தேதி உள்நாட்டுப் படை வார்சாவில் எழுச்சியைத் தொடங்கியது. சோவியத் படை நெருங்கிவிட்டது, அது நகருக்குள் வருவதற்கு முன் தலைநகரைத் தாங்களே விடுவித்துவிட வேண்டும் என்பது திட்டம். எழுச்சி 63 நாட்கள் நீடித்தது. சோவியத் படை விஸ்துலா ஆற்றின் கிழக்குக் கரையை அடைந்தும் நகருக்குள் நுழையாமல் நின்றுவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். எஞ்சிய நகரத்தை ஜெர்மானியர்கள் வீடு வீடாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். போர் முடிந்து பத்தாண்டுகளாகியும் இந்த எழுச்சியைப் பற்றிப் போலந்தில் ஒரு முழுநீளத் திரைப்படம்கூட வரவில்லை, ஏனென்றால் எழுச்சியைக் காட்டினால் ஆற்றின் அந்தக் கரையையும் காட்டியாக வேண்டும். 1956-இல் ஸ்டாலினியப் பிடி சற்றுத் தளர்ந்த இடைவெளியில் வாய்தா அதை எடுத்தார். திரைக்கதை எழுதிய யெர்ஸி ஸ்தெஃபான் ஸ்தவின்ஸ்கி எழுச்சியில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, அந்தச் சாக்கடைகள் வழியாகவே நடந்து வெளியேறியவர். தெரியாத எதையும் அவர் எழுதவில்லை என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

தொடக்கத்திலேயே, இடிபாடுகளுக்கிடையே ஓடிவரும் ஒரு படைப்பிரிவைக் கேமரா பக்கவாட்டில் நகர்ந்தபடி வெட்டின்றிப் பின்தொடர்கிறது. கதைசொல்லியின் குரல் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு, இவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இவை இவர்களின் வாழ்க்கையின் கடைசி மணிநேரங்கள் என்ற பொருளில் சொல்லிவிடுகிறது. யார் பிழைப்பார் என்ற ஆவலை முதல் சில நிமிடங்களிலேயே பிடுங்கி எறிந்துவிட்ட பிறகு, ஒரு போர்ப்படம் எதை வைத்துப் பார்வையாளரை உட்காரவைக்கும்? வாய்தா வைத்திருப்பது மனிதர்களின் சின்னச் சின்னச் செயல்களை. இசையமைப்பாளன் ஒருவன் நகரின் மறுபகுதியிலுள்ள மனைவியோடும் குழந்தையோடும் தொலைபேசியில் பேசுகிறான், பேச்சு நடுவிலேயே அறுந்துபோகிறது. அவன் பிறகு சாக்கடைக்குள் புத்தி தடுமாறி, ஒக்கரீனா என்ற சிறிய ஊதுகருவியை வாசித்தபடி இருளுக்குள் தனியே நடந்து போகிறான். அந்த ஒலி படம் முடிந்த பிறகும் காதைவிட்டுப் போவதில்லை.

படத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் நிலத்துக்கடியில் நடக்கிறது. படத்துக்கென்று கட்டப்பட்ட அரங்கு அது. ஆனால் ஒளிப்பதிவாளர் யெர்ஸி லிப்மன் வெளிச்சத்தை அளந்து அளந்து கொடுத்திருக்கும் விதத்தில், சுவரின் ஈரமும் முழங்கால்வரை நிற்கும் கழிவின் கனமும் திரையைத் தாண்டி வருகின்றன. ஆட்கள் பிரிந்துபோகிறார்கள், வழி தவறுகிறார்கள், நச்சுவாயு என்று யாரோ கத்தியதைக் கேட்டு ஒருவரையொருவர் மிதித்து ஓடுகிறார்கள். வீரர்களை இப்படிச் சேற்றிலும் மலத்திலும் காட்டலாமா என்று போலந்துப் பார்வையாளர்களில் பலர் அன்று வருந்தியதில் வியப்பில்லை. பிள்ளைகளை இழந்த வீடுகள் இரங்கற்பாவை எதிர்பார்த்துத் திரையரங்குக்கு வந்திருந்தன, வாய்தா அவர்களைச் சாக்கடைக்குள் அழைத்துப் போனார். கான் திரைப்பட விழாவில் அதே ஆண்டு இதற்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

நான் இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் முழுவதும் ஒரே ஒரு காட்சிக்கே ஈடாகிவிட்டது. சாக்கடைப் பாதைகளை நன்கறிந்த ஸ்தொக்ரோத்கா என்ற பெண், காயமடைந்து கண்ணும் மங்கிப்போன கோராப் என்ற வீரனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிறாள். வழியில் சுவரில் ஏதோ கிறுக்கியிருப்பதைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்கிறான். அங்கே அவனுடைய உண்மைப் பெயரைச் சொல்லி, அவனைக் காதலிப்பதாக அவளே முன்பொருமுறை எழுதிவைத்திருக்கிறாள். அவள் வேறொரு பெயரைச் சொல்லிப் படித்துக் காட்டுகிறாள். கடைசியில் தூரத்தில் வெளிச்சம் தெரிகிறது. சாக்கடை விஸ்துலா ஆற்றில் கலக்கும் வாய் அது. நெருங்கிப் போனால் கனமான இரும்புக் கம்பிகள். கண்ணை மூடிக்கொள், வெயில் கூசும் என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் மட்டும் கம்பிகளின் ஊடே பார்க்கிறாள். கேமராவும் பார்க்கிறது. ஆறு, அதற்கப்பால் பசுமையான மறுகரை. அவ்வளவுதான். அந்தக் கரையில் ஒரு சிப்பாய் இல்லை, ஒரு பீரங்கி இல்லை, ஒரு கொடி இல்லை. தணிக்கை அதிகாரி வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆனால் 1957-இல் அந்தக் காட்சியைப் பார்த்த எந்தப் போலந்துக்காரருக்கும் அந்தக் கரையில் அப்போது யார் நின்றிருந்தார்கள், ஏன் ஆற்றைத் தாண்டவில்லை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதே வட்டிலுள்ள கூடுதல் பகுதிகளில், வாய்தா யான் நோவாக் யெசியோரான்ஸ்கியோடு நடத்தும் உரையாடலை யாரும் தவறவிடக் கூடாது. போர்க் காலத்தில் வார்சாவுக்கும் லண்டனுக்கும் இடையே ரகசியத் தூதராக உயிரைப் பணயம் வைத்துப் போய்வந்தவர் அவர். பின்னாளில் மேற்குலகிலிருந்து ஒலிபரப்பான சுதந்திர ஐரோப்பிய வானொலியின் போலிஷ் பிரிவை நடத்தியவர். படம் காட்டாத அரசியல் பக்கம் அந்தப் பேச்சில் வருகிறது. இரண்டு முதியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், எழுச்சி நடந்திருக்கவே வேண்டுமா என்பதைப் பேசுவதைக் கேட்பது ஒரு வரலாற்று நூலின் பல பக்கங்களுக்குச் சமம்.

மூன்றாவது படமான 'சாம்பலும் வைரமும்' யெர்ஸி அந்த்ரெயெவ்ஸ்கியின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. போர் முடிந்துவிட்ட 1945 மே எட்டாம் தேதியின் பகலும் இரவும், மறுநாள் விடியலுமே கதையின் காலம். உள்நாட்டுப் படையிலிருந்த மாச்செக் என்ற இளைஞனுக்கு, ஊருக்கு வந்திருக்கும் கம்யூனிஸ்ட் கட்சி அதிகாரி ஷூக்காவைக் கொல்லும்படி உத்தரவு. காலையில் ஒரு சிற்றாலயத்தின் அருகே ஆள் மாற்றி இரண்டு தொழிலாளிகளைச் சுட்டுவிடுகிறார்கள். அவர்களில் ஒருவன் முதுகில் தோட்டாக்களின் நெருப்புப் பற்றியெரிய ஆலயக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுகிறான். சரியான ஆளை இரவுக்குள் முடிக்க வேண்டும். அதற்குள் விடுதியின் மதுக்கூடத்தில் வேலை செய்யும் க்ரிஸ்தினாவை மாச்செக் சந்தித்துவிடுகிறான். கொல்லாமல், ஓடாமல் வாழும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பது அவனுக்கு அந்த ஒரே இரவில் நினைவுக்கு வந்துவிடுகிறது.

மாச்செக்காக நடித்த ஸ்பிக்னியெவ் சிபுல்ஸ்கி 1945-இன் உடையில் வரவில்லை. 1950-களின் இளைஞனாக, இறுக்கமான கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வருகிறார். இருளிலும் ஏன் அந்தக் கண்ணாடி என்று க்ரிஸ்தினா கேட்கும்போது, தாய்நாட்டின் மீது வைத்த ஒருதலைக் காதலின் நினைவுச்சின்னம் என்று விளையாட்டாகச் சொல்கிறான். பிறகு, எழுச்சியின்போது சாக்கடைகளில் நெடுநேரம் நடந்ததால் கண் கெட்டுப்போனது தெரியவருகிறது. இரண்டாவது வட்டைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்த இடத்தில் திடுக்கிடும். சாக்கடையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் ஒருவன் இவன். மூன்று படங்களுக்கும் பாத்திரங்கள் வேறு, கதைகள் வேறு, எனினும் ஒரே பெட்டியில் வைத்ததற்கு இந்தக் கண்ணாடி ஒன்றே போதுமான காரணம்.

மதுக்கூடத்தில் மாச்செக்கும் அவனுடைய மேலதிகாரியான நண்பனும் நிற்கிறார்கள். மாச்செக் மதுக் கோப்பைகளை ஒவ்வொன்றாக மேசைப் பலகையின் மீது நண்பனை நோக்கிச் சறுக்கி விட்டு, இறந்த தோழர்களின் பெயர்களை நண்பன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கோப்பையிலும் நெருப்பு வைக்கிறான். பக்கத்து அறையிலிருந்து பாட்டொலி கேட்டுக்கொண்டிருக்கிறது. கல்லறையில் விளக்கேற்றும் போலந்து வழக்கத்தை ஒரு சாராயக் கடைப் பலகைக்குக் கொண்டுவந்த இந்த யோசனை, துணை இயக்குநராக இருந்த யானுஷ் மோர்கென்ஷ்டெர்னுடையது. தோற்றுப்போன, அரசு பெயர்சொல்லவே விரும்பாத ஒரு படைக்கு அரசின் பணத்திலேயே அஞ்சலி செலுத்தியாகிவிட்டது.

ஷூக்காவை மாச்செக் சுடும் காட்சியில், சுடப்பட்டவர் முன்னோக்கிச் சரிந்து, சுட்டவனின் தோள்களையே பற்றிக்கொள்கிறார். ஒரு கணம் தந்தையும் மகனும் தழுவி நிற்பது போலிருக்கிறது. அதே கணத்தில் போர் முடிந்ததைக் கொண்டாடும் வாணவேடிக்கை வானில் வெடிக்கிறது. ஷூக்காவின் சொந்த மகனும் மாச்செக் இருந்த அணியைச் சேர்ந்தவனே, அன்றிரவு பிடிபட்டு விசாரணையில் நிற்கிறான் என்பதைப் படம் அதற்கு முன்பே சொல்லியிருக்கும். ஷூக்காவைப் படம் வில்லனாக்கவில்லை. களைத்துப்போன, ஊன்றுகோலோடு நடக்கிற, மனைவியை இழந்த, மகனைத் தேடுகிற மனிதராகவே காட்டுகிறது. இது அரசைச் சமாதானப்படுத்தச் செய்த ஏற்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்தை எங்கே என்று தெரியாமல் வளர்ந்த ஒருவர், மகனைத் தேடும் தந்தையை வெறுப்போடு எடுத்திருக்க முடியாது.

இறுதியில் மாச்செக் குண்டடிபட்டு, வெளுத்த துணிகள் காயப்போட்டிருக்கும் கொடிகளுக்கிடையே ஓடி, ஒரு குப்பைமேட்டில் கருப்பிண்டம் போலச் சுருண்டு துடித்துச் சாகிறான். வரலாற்றின் குப்பைமேட்டில் எதிர்ப்புரட்சிக்காரனுக்கு உரிய முடிவு என்று அதிகாரிகள் அதைப் படித்துக்கொள்ள இடமிருந்தது. திரையரங்குகளில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் அவனுக்காகவே அழுதார்கள். அவனைப் போலவே கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். சிபுல்ஸ்கி 1967 ஜனவரியில் வ்ரோத்ஸ்வாவ் ரயில் நிலையத்தில் ஓடும் ரயிலில் ஏற முயன்று தவறி விழுந்து, நாற்பது வயதைத் தொடுவதற்குள்ளேயே இறந்தார்.

இந்த வட்டில் ஆனெட் இன்ஸ்டார்ஃப் என்ற பேராசிரியையின் ஒலிவழி விளக்கவுரை இருக்கிறது. தகவல்களுக்குக் குறைவில்லை, ஆனால் காட்சி மௌனமாக இருக்க வேண்டிய இடங்களிலும் குறியீடுகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டே போகிறது. குண்டுவீச்சில் சிதைந்த தேவாலயத்தில் தலைகீழாகத் தொங்கும் சிலுவை எதைக் குறிக்கிறது என்பதைக் காதருகில் யாராவது சொல்லத்தான் வேண்டுமா? முதல்முறை பார்ப்பவர்கள் அதை அணைத்துவைப்பது நல்லது. அதைவிட, மூன்று வட்டுகளிலும் வாய்தாவே நேரில் பேசும் நேர்காணல்கள் மேலானவை. எதை எந்த அதிகாரி எதிர்த்தார், எதை எப்படிக் கடத்திக்கொண்டு வந்தோம் என்பதை அவர் கசப்பில்லாமல், பழைய குறும்புகளைச் சொல்லும் தாத்தாவின் முகத்தோடு சொல்கிறார்.

தொகுப்பின் குறை என்று சொன்னால், அது 1958-உடன் நின்றுவிடுவதுதான். மூன்று படங்களை மட்டும் பார்ப்பவர் வாய்தாவை இளமையில் மூன்று நல்ல படங்களை எடுத்துவிட்டு ஓய்ந்தவர் என்று எண்ணிவிடக் கூடும். அதற்குப் பிறகும் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அவர் வேலை செய்திருக்கிறார். அடுத்த ஆண்டே வந்த 'லோத்னா' 1939-இன் போலந்துக் குதிரைப்படையைப் பற்றியது; டாங்கியின் குழாயை வாளால் வெட்டும் வீரனைக் காட்டி, ஜெர்மானியப் பிரச்சாரம் பரப்பிய ஒரு கட்டுக்கதைக்கு உயிர் கொடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு அதன்மேல் இன்றும் உண்டு; வாய்தாவுக்கே அந்தப் படத்தில் திருப்தியில்லை. இடையில் வந்த பலவற்றைத் தாண்டி 1977-க்குப் போனால் 'பளிங்கு மனிதன்' நிற்கிறது. ஸ்டாலின் காலத்தில் நாயகனாக உயர்த்தப்பட்டுப் பிறகு தூக்கியெறியப்பட்ட ஒரு கொத்தனாரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் துடிக்கும் திரைப்பட மாணவியின் கதை அது. அருங்காட்சியகத்தின் கிடங்கில், யாரும் பார்க்கக் கூடாதென்று கிடத்தப்பட்டிருக்கும் அவருடைய பளிங்குச் சிலையை அவள் கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் படம்பிடிக்கிறாள். மறுபடியும் பூட்டு, மறுபடியும் அதன் ஊடே ஒரு பார்வை. அந்தக் கொத்தனார் எப்படி இறந்தார் என்பதைப் படம் சொல்ல முடியவில்லை. 1970 டிசம்பரில் கதான்ஸ்க் கப்பல்கட்டும் தொழிலாளர்கள் சுடப்பட்டதைப் பேசத் தடை இருந்தது. அவருடைய கல்லறையைத் தேடும் காட்சி வெட்டப்பட்டது.

வெட்டப்பட்டதை 1981-இல் 'இரும்பு மனிதன்' திரும்ப எடுத்துக்கொண்டது. 1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்தின் சூடு ஆறுவதற்குள் அவசர அவசரமாக எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கத்தின் தலைவர் லேக் வாவென்சாவே தோன்றுகிறார். கானில் தங்கப் பனை விருது கிடைத்தது, டிசம்பர் 13-ஆம் தேதி போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. படமாகப் பார்த்தால் 'பளிங்கு மனித'னின் பாதிக் கூர்மைதான் இதற்கு. வெளிப்படையாகப் பேச அனுமதி கிடைத்ததும் வாய்தா செய்தித்தாளின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறார் என்பது என் கருத்து. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

அந்தக் கருத்தை வைத்துப் பார்த்தால் 2007-இல் வந்த 'கத்தீன்' எனக்குத் தீராத சிக்கல். எண்பத்தொரு வயதில், சோவியத் படையெடுப்பின் ஆண்டுநாளான செப்டம்பர் 17 அன்று வார்சாவில் முதல் திரையிடல் நடந்த படம். ஒரு பாலத்தில் தொடங்குகிறது: ஜெர்மானியர்களிடமிருந்து தப்பி ஓடும் கூட்டம் ஒரு பக்கத்திலிருந்தும், சோவியத் படையிடமிருந்து தப்பி ஓடும் கூட்டம் மறுபக்கத்திலிருந்தும் வந்து நடுவில் மோதிக்கொள்கின்றன. நடுப்பகுதி தட்டையானது, பாத்திரங்கள் ஒவ்வொருவரும் ஒரு நிலைப்பாட்டைச் சுமந்துகொண்டு வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு கம்பளிச் சட்டை இருக்கிறது. குளிரில் நடுங்கும் நண்பனுக்கு ஓர் அதிகாரி தன் பெயர் தைத்த சட்டையைக் கொடுக்கிறான். அதனால் பிணக்குழியில் கிடப்பவர் யார் என்ற பட்டியலில் பெயர் மாறிவிடுகிறது. கணவனின் பெயர் அதில் இல்லாததால் மனைவி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். வாய்தாவின் வீட்டிலும் நடந்தது இதுதான். 1943-இல் வெளிவந்த பட்டியலில் குடும்பப் பெயர் இருந்தது, முன்பெயர் வேறாக இருந்தது. தாய் 1950-இல் இறக்கும்வரை கணவர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கால்மணி நேரத்தில் படம் விவாதிப்பதை விட்டுவிடுகிறது. அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக அழைத்து வரப்படுகிறார்கள், பெயர் கேட்கப்படுகிறது, பிடரியில் சுடப்படுகிறார்கள், வாளித் தண்ணீரால் தரை கழுவப்படுகிறது, அடுத்தவர். சிலர் வேண்டிக்கொண்டிருந்த செபம் பாதியில் நிற்கிறது. பிறகு இருண்ட திரையும் பெண்டெரெட்ஸ்கியின் இசையும். இங்கே மறைவாகச் சொல்ல எதுவுமில்லை. கம்பி இல்லை, ஆறு இல்லை, கேமரா அந்தப் பக்கமே போய் நின்றுவிட்டது. 'கனா'லின் வெற்று மறுகரையைவிட இது சிறந்த கலையா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அந்தக் கால்மணி நேரத்தை எடுக்க வேண்டாமென்று அவரிடம் சொல்லும் உரிமை எந்த விமர்சகருக்கும் இருந்திருக்காது. வாய்தா 2016 அக்டோபரில் தொண்ணூறாவது வயதில் இறந்தார்.

திரும்பவும் பெட்டிக்கு வருகிறேன். படப்பிரதிகளின் தரம் 2005-க்கு நன்று. இன்றைய பெரிய தொலைக்காட்சிகளில் 'ஒரு தலைமுறை' சற்று மென்மையாகத் தெரிகிறது, 'சாம்பலும் வைரமும்' கூர்மையாக நிற்கிறது. அந்தக் கடைசிப் படத்தை மட்டும் கிரைட்டீரியன் பின்னர் ப்ளூரேயிலும் வெளியிட்டது. ஒரே ஒரு வாய்தா படம் போதும் என்பவர்கள் அதை வாங்கலாம். முழுப் பெட்டியை வாங்குபவர்கள் வட்டுகளின் வரிசையை மாற்றாமல், ஒரே வாரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. படிக்கட்டின் உச்சியிலிருந்த கம்பியை மறப்பதற்குள் சாக்கடை வாயிலிருக்கும் கம்பிக்கு வந்துவிட வேண்டும்.

'கனா'லைப் பகலில் பார்க்காதீர்கள். நான் முதல்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தேன். படத்தின் பாதிநேரம் திரையில் தெரிந்தது என் முகமும் எங்கள் வீட்டு ஜன்னலும்தான். இரண்டாம் முறை இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான், ஸ்தொக்ரோத்கா கம்பியைப் பற்றி நிற்கும் இடத்தில் ஆற்றுநீர் அசைவது தெரிந்தது.